சுண்ணப்பாட்டும் சிம்பனியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திலே ஆற்றிய சொற்பொழிவு, மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பட்டது)



தனக்கு உவந்த ஒரு சங்கீதக்காரர் புதிய இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டால் அதனை எவ்விதம் கேட்டு அனுபவிப்பது என்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது, பின் வாங்கிலிருந்த சில தோழர்கள் சிரித்தார்கள். சமயச் சங்கத்திலே பேசுவதற்கு இதுவும் ஒரு விஷயமா என்பது அந்தச் சிரிப்பின் பொருள். விஷயம் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். நல்ல புத்தகத்தை வாசிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவு பொறுமை நல்ல இசையைக் கேட்பதற்கும் வேண்டும். அந்தப் பொறுமை எமது தலைமுறையிலே குறைந்து வருகின்றது.

'அல்பம்' என்ற சொல்லின் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன். பழைய கிராமபோன் இசைத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்றவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திலே ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். நீண்டதொரு இசையைப் பதிய வேண்டுமானால் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைப் புகைப்படப் புத்தகம் போன்ற கட்டிலே உறைகள் வைத்து அடுக்கி விற்றார்கள். அந்தப் புத்தகத்தின் பெயரே பிறகு இசைத்தொகுப்புக்கும் ஆகிவிட்டது. 1948இலே நீண்டநேரத் தட்டு வந்தபின் புத்தகம் போயிற்று, பெயர் நின்றது. ஆகவே தொகுப்பு என்பது முதலிலிருந்து கடைசிவரை ஓர் ஒழுங்கோடு கேட்கப்பட வேண்டியது. இன்று நாம் கைத்தொலைபேசியிலே ஒரு பாட்டின் நடுவிலிருந்து முப்பது விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறோம். அப்படிக் கேட்டவர்கள் கூட்டத்திலே வந்து அபிப்பிராயமும் சொல்லுகிறார்கள்!

ரசிகர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரிடம் இன்னொரு குணமும் உண்டு. ஒருவரை மிகவும் விரும்பிவிட்டால், அவர் முன்பு தந்ததையே திரும்பவும் தரவேண்டுமென்று எதிர்பார்ப்பார்கள். சற்று விலகினாற் கோபம் வரும்; அப்படியே தந்தாலோ பழையதென்று சொல்லுவார்கள். பாவம், அந்தக் கலைஞர் என்னதான் செய்வது?

எனக்கு உவந்தவர் இசைஞானி இளையராஜா. திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியிலே வளர்ந்த எனக்கு அவரைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. முச்சக்கர வண்டியிலும் தேநீர்க் கடையிலும் கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸிலும் அவர்தான் பாடிக்கொண்டிருந்தார். மதுரைச் சீமைப் பண்ணைப்புரத்திலே 1943இற் பிறந்து, தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊரூராகச் சென்று பாடி, சென்னையிலே தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் பயின்று, 1976இலே 'அன்னக்கிளி' படத்தின் மூலம் அறிமுகமானவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்திருக்கிறார் என்பது யாவரும் அறிந்ததே. 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் திகதி, எண்பத்தோராவது வயதிலே, 'வேலியண்ட்' என்ற தமது சிம்பனியை இலண்டன் மேடையிலே மேல்நாட்டு வாத்தியக் குழுவைக் கொண்டு இசைக்கச் செய்தார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எமது தோழர் கூட்டத்திலே அதே பேச்சு. அப்போதுதான், இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் தந்த ஒரு தொகுப்பை எங்களிற் பெரும்பாலோர் முழுமையாகக் கேட்டதே இல்லை என்பது தெரியவந்தது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

2005ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி சென்னையிலே வெளிவந்த 'திருவாசகம்' இறுவட்டே அது. நான் கைக்குழந்தையாயிருந்த காலம். வெளியிட்டது 'தமிழ் மையம்' என்ற நிறுவனம். அதனை நிறுவியவர் ஜெகத் கஸ்பார் என்ற கத்தோலிக்கக் குருவானவர். மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பகுதியை முன்னர் நடத்தியவராதலால் எமது வீட்டுப் பெரியோர்களுக்கு அவர் குரல் நன்கு பழக்கமானது. வாத்தியம் இசைத்தது ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ற் சிம்பனி வாத்தியக் குழு. நடத்தியவர் லாஸ்லோ கோவாக்ஸ். மாணிக்கவாசக சுவாமிகளின் வாக்கை இளையராஜா தாமே பாடியிருக்கிறார். ஆங்கிலப் பகுதி ஒன்றும் உண்டு. அதை எழுதியவர் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்ரீபன் சுவார்ட்ஸ்.

இவ்வளவையும் கேட்டவுடன் சபையிலே சில பெரியோர்களின் புருவம் நெரிவதை நான் காண்கிறேன். சினிமாக்காரர், பாதிரியார், ஹங்கேரி, ஆங்கிலம்! திருவாசகத்துக்கு இது அடுக்குமா?

இந்தக் கேள்வியை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். ஓதுவார் மரபு என்று ஒன்று உண்டு. அது நூற்றாண்டுகளாக ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குப் போய்க் காப்பாற்றப்பட்டு வந்தது. திருவாசகத்தை மோகன இராகத்திலே, தாளக் கட்டின்றி, சொல்லைச் சொல்லாக நிறுத்தி ஓதும்போது உள்ளம் நெகிழாதவர் இலர். அதைக் குலைத்துவிட்டு வயலின்களைக் கொண்டு நிரப்புவதாயின் நானும் எதிர்ப்பேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருஞானசம்பந்த சுவாமிகள் எமது கோணமாமலைமீது பாடிய பதிகத்துக்குப் புறநீர்மை என்று பண் குறிக்கப்பட்டிருக்கிறது. தேவாரப் பதிகங்களுக்கு அவ்வாறு பண் உண்டு. திருவாசகத்துக்கு அப்படிப் பண் வகுத்து வைக்கப்படவில்லை. மோகனம் மரபாக வந்த வழக்கம், விதியன்று. ஆகவே ஒரு சங்கீத வித்துவான் அதற்குப் புதிதாக இசை வகுப்பது எந்த வேலியையும் தாண்டுவது ஆகாது.

வாத்தியம் அந்நியமானது என்பார்க்கும் ஒரு வார்த்தை. வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களிலே முதன்மையானவர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பியார் பாலுஸ்வாமி தீட்சிதர். தீட்சிதரோ வெள்ளைக்காரரின் மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்திற் சாகித்தியம் செய்திருக்கிறார். எமது பஜனை மடங்களிலே ஒலிக்கும் ஆர்மோனியம் எந்த நாட்டுச் சரக்கு? அதைக் கேட்டு இன்று யாரும் எழுந்து போவதில்லை. பாதிரியார் என்பார்க்கு, 1900இலே தமது எண்பதாவது வயதிலே திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட ஜி. யு. போப் ஐயரை நினைவூட்டினாற் போதும்.

இனி, இதனைக் கேட்பது எப்படி?

நான் கற்றது மிஷன் பாடசாலையிலே. நெற்றியிலே நீறு பூசிய பிள்ளைகளாகிய நாங்கள் சிலர் அங்கே பாடற் குழுவிலும் நின்றோம். நான்கு வரிசையாக நிறுத்தி நான்கு விதமாகப் பாடச் செய்வார்கள். பெண்பிள்ளைகள் மேற்குரல், அடுத்தது சற்றுத் தாழ்ந்த குரல், பின்னால் ஆண்களின் மேல்வரிசை, எல்லாவற்றுக்கும் அடியிலே ஆழ்ந்த குரல். "உன் பாட்டைப் பாடு, ஆனால் பக்கத்திலிருப்பவனுடையதைக் கேள்" என்பது எங்கள் இசை ஆசிரியையின் உபதேசம். எமது சங்கீதம் ஒரே இழையிலே ஓடுவது. சுருதி அடியிலே நிற்க, ஒரு குரல் அதன்மேல் வளைந்து வளைந்து போகும். மேல்நாட்டுச் சங்கீதமோ பல இழைகளை ஒரே நேரத்தில் முறுக்குவது. இந்தத் தொகுப்பைக் கேட்பவர் இளையராஜாவின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனாற் பாதிதான் கிடைக்கும். முதல் முறை அவர் குரலைக் கேளுங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டு அடியிலே போகும் பெரிய வயலின்களைக் கேளுங்கள். மூன்றாம் முறை குழுக்குரல்களை மட்டும். நான்காம் முறை ஒன்றுக்கும் முயலாமற் சும்மா இருந்து கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன், துறைமுகத்து வீதியிலே இரவு அடங்கிய பிறகு.

பெயரைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். உலகம் இதைச் சிம்பனி என்று அழைக்கிறது. உண்மையில் அது வேறு. சிம்பனியிலே வாத்தியமே முதன்மை. தனிக்குரலும் குழுக்குரலும் வாத்தியமும் சேர்ந்து, நடிப்பில்லாமல், சமயப் பொருளொன்றைப் பாடுவதை 'ஒறற்றோரியோ' என்பார்கள். 1742இலே டப்ளின் நகரத்தில் முதன்முதலாகப் பாடப்பட்ட ஹாண்டெல் என்பாரின் 'மெசையா' அந்த வகையிலே பேர்போனது. திருவாசகத் தொகுப்பு அதன் தங்கை.

51 பகுதிகளைக் கொண்ட நூலிலிருந்து ஆறு பகுதிகளிலே பாடல்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து. நூலிலே நாற்பத்தைந்தாவதாக வரும் யாத்திரைப்பத்து இங்கே தொடக்கமாக வந்திருக்கிறது. புறப்படும் நேரம் வந்துவிட்டது, கூட வாருங்கள் என்று அடியவர்களை அழைக்கும் பகுதி அது. அதை வாசலிலே வைத்தது நல்ல யோசனை. திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் இல்லாதது எனக்கு மனக்குறை. மார்கழியிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்க விடியற்புறம் வீதிவலம் வரும் எங்களைக் கேட்டிருந்தால் முதலில் அதையல்லவா போடச் சொல்லியிருப்போம்!

சிவபுராணப் பகுதிதான் மிக நீண்டது, ஏறக்குறைய இருபது நிமிடம். புல்லிலிருந்து தொடங்கிப் பிறவிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இளைத்துப்போனேன் என்று அடிகள் சொல்லும் இடத்தை நாம் தினமும் ஓதுகிறோம். ஓதி ஓதி வாய்க்குப் பழகிவிட்டதால் அந்த இளைப்பு எமக்குத் தெரிவதில்லை. ஒரே மூச்சிலே ஒப்பித்துவிட்டுப் பிரசாதத்துக்குக் கை நீட்டுகிறோம். இங்கே அந்த அடிகள் நின்று நின்று வருகின்றன. எத்தனை பிறவி, எத்தனை தூரம் என்பது அப்போதுதான் செவியில் ஏறுகிறது.

ஆயினும் அதனுள்ளே வரும் ஆங்கிலப் பாட்டு எனக்கு உடன்பாடாகவில்லை. மிஷன் பாடசாலைப் பிள்ளையாகிய நான் அதைத்தான் முதலிற் புகழ்வேன் என்று தோழர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அது போப் ஐயர் செய்ததுபோன்ற மொழிபெயர்ப்பன்று. வேறொருவர் தம் உள்ளத்திலிருந்து எழுதிய வேண்டுதல். அந்நிய தேசத்தார்க்கு அது வாசலாக இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே பிறந்தவனுக்கு, பேசிக்கொண்டிருந்த தாயாரை இடைமறித்து ஒருவர் விளக்கம் சொல்லுவது போலிருக்கிறது. வாத்தியங்கள் பெருகும் சில இடங்களிலே தமிழ்ச் சொல் அமிழ்ந்து போவதும் உண்டு. கையிலே நூல் இல்லாவிட்டால் அந்த இடங்களிலே எதுகையும் மோனையும் காற்றோடு போய்விடும்.

எனினும் நான் இன்று இங்கே எழுந்து நிற்பதற்குக் காரணம் ஐந்தாவது பாட்டு.

திருப்பொற்சுண்ணம் என்றவுடன் எமது ஊரவர்க்கு என்ன நினைவு வரும்? செத்தவீடு. முற்றத்திலே பந்தலின்கீழ் உரல் வைத்து, மஞ்சளும் அறுகும் இட்டு, உறவினர் உலக்கை பிடிக்க, ஒருவர் நின்று சுண்ணப்பாட்டுப் பாடுவார். அந்த முதலடி காதில் விழுந்தவுடன் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். சிறுபிள்ளைகளை அப்பால் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் அறிந்தவரையில் எமது வயதினர் எவரும் அந்த இருபது பாடல்களையும் சாவீட்டுக்கு வெளியே கேட்டதில்லை, பொருளை எண்ணிப் பார்த்ததுமில்லை.

இந்தத் தொகுப்பிலே அது துள்ளி வருகின்றது. பெண்குரல்கள் கூடிப் பாட, நடை குதித்துப் போகின்றது. முதலிலே திடுக்கிடத்தான் வேண்டும். பிறகு நூலைத் திறந்து பார்த்தால், அடிகள் தில்லையிலே பாடியதும் அத்தகைய பாட்டுத்தான். பெருமான் ஆடுவதற்கு வாசனைப் பொற்சுண்ணம் இடிக்க வேண்டும். கோலமிடுங்கள், மாலை தொங்கவிடுங்கள், விளக்கேற்றுங்கள், வாருங்கள் தோழிகளே என்று பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கும் விழாக்கோலம் அது. எமது முன்னோர் அதை இறந்தவரின் முற்றத்திலே பாட வைத்தார்கள். உடலைப் பெருமானுக்குரிய பொருளாகக் கருதி, கடைசி நீராட்டுக்கு அதே சுண்ணத்தை இடித்தார்கள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அழுகைக்கு நடுவிலே ஒரு மங்கலப் பாட்டைத் துணிந்து வைத்த அந்தப் பெரியவர்களின் உள்ளம் எத்தகையது! அது மங்கலப் பாட்டு என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் புடாபெஸ்ற் போய்வந்து அதை எமக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இறுவட்டு வெளிவந்தது 2005 ஜூனிலே. அதற்கு ஆறு மாதம் முன்னர், 2004 டிசம்பர் 26ஆந் திகதி, கடல் எமது கரையூர்களுக்குள் ஏறி வந்தது. எத்தனையோ பேரை உரலுமின்றி, உலக்கையுமின்றி, பாடுவாரின்றி, அவசரம் அவசரமாக மண்ணுக்குள் வைத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் போர்க்காலத்திலே நடந்தவற்றைப் பெரியோர்களாகிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சுண்ணப்பாட்டுப் பாடப்படாத சாவுகள் இந்த ஊரிலே வீட்டுக்கு வீடு உண்டு. ஆகையால் இந்தப் பாட்டைச் சென்னையிலிருப்பவர் கேட்பது வேறு, நாங்கள் கேட்பது வேறு.

எங்கள் வீட்டிலே அதை நான் முதலிற் போட்டபோது அம்மம்மா அடுக்களையிலிருந்து எழுந்து வந்தா. "தம்பி, நிற்பாட்டு! செத்தவீட்டுப் பாட்டை விளக்கு வைக்கிற நேரத்தில போடுறதே?" என்று ஏசினா. நிற்பாட்டினேன். அடுத்த நாள் நூலை எடுத்துவந்து பாடல்களை வாசித்து, பெண்கள் கூடி இடிக்கும் கதையைச் சொன்னேன். மறுமொழி இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத் தாமாகவே, "அந்தப் பாட்டை ஒருக்கால் போடு பார்ப்பம், ஆனால் விறாந்தையில வைச்சுப் போடு" என்றா. முழுவதும் கேட்டா. எங்கோ பார்த்துக்கொண்டிருந்தா. முடிந்தபின், "உலக்கை போடுற நடைதான். ஆனால் இந்த வேகத்தில இடிச்சால் கை கழன்று போகும், ராசா" என்றா. சங்கீத விமரிசனம் எழுதுகிற எவரும் இதைவிடச் சரியாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே சிறிது வேகம் குறைத்திருக்கலாம்.

அவ சுவாமி அறைக்குள் அந்தப் பாட்டை இன்றுவரை அனுமதிக்கவில்லை. அதையும் நான் மதிக்கிறேன்.

அதன்பின் வரும் அச்சப்பத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். பாம்புக்கு அஞ்சேன், இன்னதற்கு அஞ்சேன் என்று அடுக்கிக்கொண்டு போய், அன்பில்லாதாரைக் கண்டால்மட்டும் அஞ்சுகிறேன் என்று முடியும் பத்து அது. சுண்ணம் இடித்த கையோடு அதைக் கேட்கும்படி வைத்த ஒழுங்கைப் பாருங்கள். துண்டு துண்டாகக் கேட்பவருக்கு இந்த ஒழுங்கு கிடையாது.

இளையராஜாவிடம் நாங்கள் எதிர்பார்த்துப் போனது பஸ்ஸிலே கேட்ட அந்த இன்பத்தைத்தான். அவர் கையிலே தந்தது வீட்டிலே எப்போதும் இருந்த நூலை. 1986இலே தியாகராஜ சுவாமிகளுக்கும் பாக் என்ற ஜெர்மானிய மேதைக்கும் காணிக்கையாக 'ஹவ் டு நேம் இற்' என்ற வாத்தியத் தொகுப்பை அவர் வெளியிட்டபோதும் பலர் இதென்ன என்றுதான் திகைத்தார்களாம். இன்று அதன் ஒலிநாடாவைப் பொக்கிஷமாக வைத்திருக்கும் பெரியவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த இறுவட்டைத் திருவெம்பாவை நாட்களிலே மண்டபத்தில் ஒலிபெருக்கியிலே போடலாமென்று சில தோழர்களும், கூடவே கூடாதென்று சில பெரியோர்களும் வாதாடி வருகிறார்கள். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. பூசை நேரம் ஓதுவாருக்கும் எங்கள் வாய்க்கும் உரியது; அங்கே இறுவட்டுக்கு இடமில்லை. ஒலிபெருக்கியிலே போட்டால் மீன்சந்தை இரைச்சலோடு கலந்து போகும். வேறொரு மாலையிலே, விளக்கேற்றியபின், ஒலிபெருக்கியின்றி, நமது நூலகத்திலுள்ள திருவாசகப் பிரதிகளை ஆளுக்கொன்றாகக் கையிற் கொடுத்து, கைத்தொலைபேசிகளை வாசலிலே ஒரு பெட்டியில் இட்டுவிட்டு, ஆறு பகுதிகளையும் இடைவிடாமற் கேட்போம். ஐந்தாவது தொடங்குமுன் எழுந்து வெளியே போக விரும்புவோர் போகலாம். ஏன் என்று எவரும் கேட்கவேண்டாம். முடிந்தபின் ஓதுவார் ஐயா அதே திருப்பொற்சுண்ணத்தைத் தமது முறையிலே ஓதிக் காட்ட இசைந்திருக்கிறார். அம்மம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா, முன் வரிசையிலே ஒரு கதிரை போட்டால்.